மகளுக்குப் பரீட்சை, எனக்குத் திருவிழா

போர்ட் பிளேரில் இப்போது என்னைவிட உற்சாகமாக உயிரியல் படிப்பவர் யாருமில்லை என்று அடித்துச் சொல்வேன். (2024-இல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்; வாய்க்கு இன்னும் பழகவில்லை.) பரீட்சை எனக்கில்லை, பதினோராம் வகுப்பு படிக்கும் மகளுக்கு. ஒப்பிக்கச் சொல்லிக் கேட்கலாமே என்று அவளுடைய வினாத்தொகுப்பைக் கையில் எடுத்தேன். அவ்வளவுதான், கீழே வைக்க மனம் வரவில்லை!

"சுருள் வடிவ பாக்டீரியாவுக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக." சப்பென்ற கேள்விதான். விடையோ எங்கள் டிக்லிப்பூர் வயலில் கிடக்கிறது. 1988 முதல் வடக்கு அந்தமானில் காய்ச்சல் கண்டு, இருமலில் இரத்தம் வந்து ஆட்கள் செத்தார்கள். என்னவென்று புரியாமல் 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்றே பெயர் வைத்தார்கள். 1993-இல் மறுபடி பரவியபோதுதான், இங்குள்ள ஐ.சி.எம்.ஆர். மருத்துவ ஆராய்ச்சி மையத்தார் ஆராய்ந்து, காரணம் லெப்டோஸ்பைரா என்று கண்டார்கள். அட, நம்ம எலிக்காய்ச்சல்! எலி, மாட்டின் சிறுநீர் வயல் தண்ணீரில் கலக்கும். காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், கிருமி உள்ளே நுழைந்துவிடும். அவ்வளவு மெலிசான கிருமி, கரும்புல நுண்ணோக்கியில்தான் நெளிவது தெரியும். காலத்தோடு கொடுத்தால் பென்சிலினுக்கும் டாக்சிசைக்ளினுக்கும் அடங்கும். டாக்சிசைக்ளின் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடித்துப் புரதம் செய்யவிடாமல் தடுக்கிறது. வைரஸுக்குச் சொந்த ரைபோசோமே கிடையாது, அதனால் அதனிடம் இந்த மருந்து பலிக்காது. இதற்கும் ஒரு கேள்வி இருக்கிறது, இரண்டு மதிப்பெண்!

நரம்பு மண்டலப் பாடத்தை எங்கள் கடற்பாம்பே நடத்திவிடும். கறுப்புப் பட்டை போட்டுக்கொண்டு கரைப் பாறை இடுக்கில் சுருண்டு கிடக்குமே, அதேதான். நரம்பு முனை அசிட்டைல்கோலினை அனுப்பும், தசை அதை ஏற்று இயங்கும். பாம்பின் நஞ்சு தசையிலுள்ள ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. செய்தி வந்தும் வாங்க ஆளில்லை. மூச்சுத் தசைகூட நின்றுவிடும். நல்லவேளை, சீண்டாதவரை அது யாரையும் கடிப்பதில்லை.

மரபியலுக்கு வந்தால் நான் தரையிலேயே இல்லை. "மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. யாரிடமிருந்து கிடைக்கிறது?" அம்மாவிடமிருந்து மட்டும். இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜ் (பெயரைப் பார்த்ததும் எனக்குக் கூடுதல் குஷி), லால்ஜி சிங் குழுவினர் 2005-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள்: ஓங்கே, கிரேட் அந்தமானியர் ஆகிய பழங்குடியினரின் தாய்வழி 50,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய ஆதி மனிதர்களுடையது. நிக்கோபாரிகளின் தாய்வழியோ தென்கிழக்கு ஆசியாவோடு ஒட்டுகிறது. ஒரே யூனியன் பிரதேசம், எத்தனை தூரத்துக் கதைகள்!

நான் துள்ளுவதைப் பார்த்து மகள் கேட்டாள்: "அப்பா, அப்போ இதுல உங்ககிட்டேர்ந்து எனக்கு ஒண்ணுமே வரலைதானே?"

வரவில்லைதான். உட்கருவில் பாதி என்னுடையது என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குப் பக்கத்தைப் புரட்டினேன்.