நெருப்பில்லாத ராமாயணம்

2025 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு குரோம்பேட்டைப் பக்கம் ஒரு திரையரங்குக்குப் போயிருந்தேன். இரண்டு நாள் முன்புதான் 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' தமிழ், இந்தி, தெலுங்கு, ஆங்கிலம் என நான்கு மொழிகளில் வெளியாகியிருந்தது. ஒன்பது வயதுக்காரிக்கு அது புதுப்படம். எனக்கு அது பல்லாவரம் வீட்டுக் கூடம், கேபிள் டிவி, கார்ட்டூன் நெட்வொர்க். வசனம் பாதி புரியாது. பக்கத்தில் ஆயா வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஆயா மதுராந்தகத்துக்காரி. ஏரி காத்த ராமர் ஊர். அங்கே கருவறையில் ராமர் சீதையின் கையைப் பிடித்தபடி நிற்பார். "கையைப் புடிச்சிருக்கான் பாரு" என்று ஆயா பெருமையாகச் சொல்வாள். அதே ஆயாதான் டிவியில் படம் முடிந்து எழுத்து ஓடும்போது, "முடிஞ்சிடுச்சா? தீயில எறங்குனது எங்கடி?" என்று கேட்டாள். நான் விளம்பர இடைவேளையில் தவறவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இருபது வருடம் கழித்து, விளம்பரம் இல்லாத திரையில் பார்த்த பிறகுதான் உறுதியானது. தவறவிடவில்லை. படத்தில் அது இல்லை.

படத்தின் பின்கதை தெரிந்துகொள்ள வேண்டியது. யூகோ சாகோ ஜப்பானிய ஆவணப்பட இயக்குநர். அலகாபாத் பக்கம் தொல்லியலாளர் பி.பி. லால் நடத்திய அகழாய்வைப் படமெடுக்க 1983இல் இந்தியா வந்தவர், ராமாயணத்தில் சிக்கிக்கொண்டார். ஜப்பானிய மொழியில் கிடைத்த பல வடிவங்களைப் படித்தார். ராமனை ஒரு நடிகரின் முகத்தில் அடைக்க முடியாது, ஓவியத்தில்தான் முடியும் என்பது அவர் எண்ணம். வெளிநாட்டவர் நம் ராமாயணத்தைக் கார்ட்டூனாக்குவதா என்று விசுவ இந்து பரிஷத் ஆட்சேபித்தது. இந்தியத் தரப்பில் ராம் மோகன் வந்து சேர்ந்தார். சுமார் 450 கலைஞர்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் கைவரைபடங்கள். 1993 ஜனவரியில் டெல்லியில் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. பாபர் மசூதி இடிக்கப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் யாருக்கும் ராமர் படத்தைத் தனியாக ஒரு படமாகப் பார்க்கத் தோன்றியிருக்காது. முறையாகத் திரையரங்குகளுக்கு வர 32 வருடம் பிடித்தது. சாகோ 2012இலும் ராம் மோகன் 2019இலும் இறந்துவிட்டார்கள்.

படம் அழகு. அதை மறைக்கத் தேவையில்லை. காடு காடாகவே இருக்கிறது. ராமன் நாற்பத்தாறு அங்குல மார்போடு வரும் இன்றைய சுவரொட்டி ராமன் இல்லை. மெலிந்தவன், கண்ணில் தயக்கம் உள்ளவன். அந்தத் தயக்கத்துக்காகவே எனக்கு இந்தப் படம் பிடிக்கும். இன்று ஜி.எஸ்.டி. சாலையில் போகும் காரின் பின்கண்ணாடியில் உறுமிக்கொண்டு போகும் முகங்களைப் பார்க்கும்போது இன்னும் பிடிக்கிறது.

ராவணன் விழுகிறான். சீதை திரும்பக் கிடைக்கிறாள். அயோத்தி, முடிசூட்டு, முடிந்தது. முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பக்கத்தில் பாப்கார்ன் தின்னும் குழந்தைக்கு, ஒரு பெண் தன்னை நிரூபிக்கத் தீயில் இறங்குவதை நான் விளக்க வேண்டியதில்லை. ராமானந்த் சாகர் தன் தொலைக்காட்சித் தொடரில், கடத்தப்பட்டது மாயச் சீதை, உண்மைச் சீதை அக்கினியிடம் பத்திரமாக இருந்தாள், அவளைத் திரும்பப் பெறத்தான் இந்தச் சடங்கு என்று ஒரு சுற்று சுற்றினாரே, அந்தச் சமாளிப்பைவிட இது நேர்மை என்றுகூடத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து இரவில்தான் உறுத்த ஆரம்பித்தது. இந்த வெட்டால் காப்பாற்றப்பட்டது யார்? சீதை ஏற்கெனவே நெருப்பிலிருந்து வெளியே வந்தவள், அவளுக்கு இதில் லாபமில்லை. லாபம் ராமனுக்கு. வால்மீகியில் அவன் சொல்கிற வார்த்தைகள், இந்தப் போர் உனக்காக அல்ல, என் குலத்தின் மானத்துக்காக, நீ லட்சுமணனிடமோ பரதனிடமோ சுக்ரீவனிடமோ விபீடணனிடமோ எங்கே வேண்டுமானாலும் போ என்ற பொருளில் வருபவை, அந்த மெலிந்த, தயங்குகிற வாயிலிருந்து வர முடியாது. வந்தால் படம் இரண்டாக உடைந்துவிடும். படம் உடையாமலிருக்க அவள் கதை உடைக்கப்பட்டது.

குழந்தைகள் படம், அவர்களுக்கு இதெல்லாம் தாங்காது என்று சொல்லலாம். ஜப்பானிய அனிமேஷன் அப்படி நினைத்ததில்லை. 1975இல் டோய் நிறுவனம் ஆண்டர்சனின் கடல்கன்னிக் கதையைப் படமாக்கியது. நாயகியின் பெயர் மரீனா, நம் கடற்கரையின் பெயர். குரலை விற்றுக் கால் வாங்கிய அந்தப் பெண், இளவரசன் வேறொருத்தியை மணக்க, கத்தியை எடுத்தும் குத்த மனமில்லாமல் கடலில் நுரையாகிறாள். டிஸ்னி 1989இல் கல்யாணம் செய்து வைத்தது. டோய் செய்து வைக்கவில்லை. பல நாட்டுக் குழந்தைகள் அதைப் பார்த்து அழுதார்கள், வளர்ந்தார்கள். நெருப்பு வரையத் தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. அனுமன் வாலால் லங்கை எரிவதைப் பாருங்கள், திரை முழுக்கச் செம்மஞ்சள். ஒரு ஊரே எரியலாம், அதில் இருந்த பெண்களும் குழந்தைகளும் உட்பட. அது சாகசம். ஒரு பெண் எரியும் கட்டையைப் பார்த்து நடந்துபோகும் காட்சிதான் இல்லை.

ஆயாவின் வலது உள்ளங்கையில் ஒரு கறுத்த வடு இருந்தது. ஐந்து ரூபாய் நாணயம் அளவு. சோறு வடிக்கும்போது சுட்டது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தாள். ஆயா இறந்து பதினாறாம் நாள் பெரிய அத்தைதான் சொன்னாள். ஆயா நாகல்கேணியில் தோல் பதனிடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஒருநாள் மழையில் பஸ் இல்லாமல் கூட வேலை செய்தவள் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் வந்தாள். தாத்தா ஒன்றும் கேட்கவில்லை. அடிக்கவும் இல்லை. மூன்று நாள் பேசவில்லை, அவள் போட்ட சோற்றைத் தொடவில்லை. நான்காம் நாள் ஆயாவே கற்பூரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கொளுத்தி, அணையும்வரை தாத்தா முன்னால் நின்றாள். அன்று சாயந்திரம் தாத்தா சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை.

வால்மீகியிலும் ராமன் 'தீயில் இறங்கு' என்று சொல்வதில்லை. வார்த்தைகளால் எல்லாக் கதவையும் சாத்திவிட்டு நிற்கிறான். சிதை மூட்டச் சொல்லி லட்சுமணனிடம் கேட்பது சீதை. இந்த இடம்தான் எனக்கு முக்கியம். யாரும் கட்டளையிடவில்லை, அவளாகத்தான் போனாள் என்று எந்தக் காலத்திலும் சொல்லிக்கொள்ளலாம். கம்பன் ஒரு படி மேலே போய், சீதையின் கற்பு சுட்டு அக்கினியே அலறுவதாகப் பாடினான். கவிதையாக அது பிரமாதம்தான். ஆனால் ஆயாவின் உள்ளங்கையில் சுடப்பட்டது கற்பூரம் இல்லை. மௌனம் காட்டத் தெரிந்த கலை ஜப்பானியருடையது. மழை பெய்வதையும் ஒரு முகம் அசையாமல் இருப்பதையும் நிமிடக்கணக்கில் காட்டி நம்மை உட்கார வைப்பார்கள். சாப்பிடாத தட்டையும் பேசாத மூன்று நாளையும் அவர்களைவிட நன்றாக யார் வரைந்திருக்க முடியும்? அந்த வாய்ப்பைத்தான் இந்தப் படம் விட்டுவிட்டது.

தமிழில் இது விடப்படவில்லை. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாபவிமோசன'த்தில் சீதையே வந்து அகலிகையிடம் தீக்குளித்ததைச் சொல்கிறாள், கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். அம்பையின் 'அடவி'யில் சீதை காட்டில் தன் கதையைத் தானே எழுதுகிறாள். நம் திருவான்மியூரிலிருந்து தாரா புக்ஸ் 2011இல் வெளியிட்ட சம்ஹிதா ஆர்னியின் 'சீதாஸ் ராமாயணா', வங்காளப் படச்சுருள் ஓவியர் மொய்னா சித்ரகரின் படங்களோடு, கதையைச் சீதையின் வாயால் சொல்கிறது. நெருப்பும் இருக்கிறது, நாடுகடத்தலும் இருக்கிறது. குழந்தைகளும் வாசிக்கிறார்கள். யாரும் கெட்டுப்போகவில்லை.

இந்தப் படத்தில் தண்டனை பெறும் பெண்கள் இல்லாமலில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே தாடகை அம்பு பட்டுச் சாகிறாள். சூர்ப்பணகையின் மூக்கு போகிறது. அவற்றை வெட்ட யாருக்கும் தோன்றவில்லை. அசிங்கமாக வரையப்பட்ட பெண்களுக்கு நடப்பது குழந்தைகள் பார்க்கத் தகுந்தது. அழகாக வரையப்பட்டவளுக்கு நடப்பது தகாதது. படத்தின் மென்மை யாருக்கானது என்பது இந்த வரிசையில் தெரிந்துவிடுகிறது.

படம் முடிந்து தாம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அண்ணன் மகள் கேட்டாள், "அத்தை, அந்த மூக்கு போனவளுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" தெரியாது என்றேன். "சீதாவுக்கு?" பஸ் சானட்டோரியம் தாண்டியிருந்தது. நெருப்பைச் சொன்னேன், முடிந்தவரை நேராக. அவள் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"ராமர் போகச் சொன்னாரா, அவங்களா போனாங்களா?"

நான் தாத்தாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.