எமன் வேஷமும் முதல் தகவல் அறிக்கையும்

ஜனவரி பிறந்ததும் சாலைப் பாதுகாப்பு விழாக்களும் பிறந்துவிடுகின்றன. முன்பு ஒரு வாரமாக இருந்த கொண்டாட்டம் இப்போது மாதமாகவும் வளர்ந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் மனிதச் சங்கிலியாக வெயிலில் நிற்பதும், தலைக்கவசம் அணிந்த இளைஞர்கள் ஊர்வலம் போவதும், எமன் வேஷம் கட்டிய ஒருவர் பாசக்கயிற்றோடு சிக்னலில் நின்று வெறுந்தலையாய் வருகிறவரை மறிப்பதும், போக்குவரத்துக் காவலர் அபராதச் சீட்டுக்குப் பதில் ரோஜாப்பூ நீட்டுவதும் பத்திரிகைகளில் படங்களாக வெளிவந்து, பொங்கல் கரும்பின் சக்கை காய்வதற்குள் மறக்கப்படுகின்றன. இதனால் ஆகும் பயன் என்ன என்று கேட்பவருக்கு, மக்கள் மனம் மாறாதவரை எந்தச் சட்டத்தாலும் விபத்து குறையாது என்ற சமாதானம் மேடைதோறும் ஆயத்தமாக இருக்கிறது. கேட்பதற்கு விவேகமுள்ளதாகத் தோன்றும் இந்தச் சமாதானம் தவறானது மட்டுமன்று, யாரோ சிலருக்கு மிகவும் சௌகரியமானதும்கூட என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம்.

பிரசாரம் முழுவதும் வீண் என்று சொல்லிவிட முடியாது. அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிச் சென்றால் போலீசும் கோர்ட்டும் அலைக்கழிக்கும் என்ற பயம் நம் ஜனங்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. அவ்வாறு உதவுகிறவரைக் காக்க 2019-ஆம் ஆண்டின் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டிருப்பதையும், 2021 முதல் தமிழ்நாட்டில் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தின் கீழ் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பதையும் சொல்லித்தான் தெரியவைக்க வேண்டும். காவலருக்கு முதலுதவி கற்பிப்பதிலும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1982 டிசம்பரில் சாலையில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி மூச்சுச் சோதனை செய்யும் முறை வந்தபோது, அதற்குப் பெரும் விளம்பரமும் செய்து, சாவுகளைக் கணிசமாகக் குறைத்தார்கள். ஆனால் அந்த விளம்பரம் உபதேசம் செய்யவில்லை; போலீஸ் நிற்கிறது, பிடிபடுவாய் என்று அறிவித்தது; போலீசும் உண்மையாகவே நின்றது. நம் ஊரிலும் 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து தலைக்கவசம் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோதுதான் கடைகளில் கூட்டம் அலைமோதியது. சோதனை தளர்ந்ததும் கவசம் பெட்ரோல் டாங்கின் மேல் ஏறிக்கொண்டது.

இவையெல்லாம் சில்லறை விஷயங்கள். விபத்துக்கு மூலகாரணம் அறியாமை என்று கொள்ளும் அடிப்படைதான் பெரிய பிழை. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பரில் அங்கே ஒரு லாரி கட்டுப்பாடிழந்து, முன்னே நின்ற வாகன வரிசையில் பாய்ந்து நான்கு உயிர்களைக் குடித்தது. 2024 ஜனவரியில் மீண்டும் அதே கணவாயில் நான்கு பேர் மாண்டார்கள். நீண்ட இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டால் பிரேக் சூடேறிப் பிடிக்காமற் போகும் என்று அங்கே எச்சரிக்கிறார்கள். இது லாரி ஓட்டுநருக்குத் தெரியாதா? பலகை எழுதியவரைக் காட்டிலும் அவருக்கு அது நன்றாகத் தெரியும். ஆயினும் நடைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுக்கப்படும் டீசலில் மிச்சம் பிடித்தால்தான் கையில் நாலு காசு நிற்கும் என்பதும், சரக்கு நாளைக் காலைக்குள் சேராவிட்டால் அடுத்த லோடு கிடைக்காது என்பதும் அவருக்கு அதைவிட நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது. அவருடைய ஜீவனத்தின் கணக்கையும் மாற்றாமல், மலைச்சரிவின் அமைப்பையும் மாற்றாமல், மனத்தை மட்டும் மாற்றிக்கொள் என்று அவருக்குச் சொல்வதற்குப் பெயர் விழிப்புணர்வாம். அங்கே மேம்பாலச் சாலை அமைக்கும் திட்டம் கடைசியில் வந்திருக்கிறதென்றால், கோளாறு ஓட்டுநரின் மனத்தில் மட்டும் இல்லை என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

ஆனால் நம் புள்ளிவிவரங்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாட்டில் நேர்ந்த இந்தச் சாவுகளில் நூற்றுக்கு 71 அதிவேகத்தால் நேர்ந்தவை என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதையே ஆதாரமாகக் கொண்டு, பார்த்தீர்களா, குற்றம் ஓட்டுகிறவருடையதே என்று பிரசாரகர் முழங்குகிறார். அந்த 71 எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. வண்டிகள் எல்லாம் ஓரம் கட்டப்பட்ட பிறகு சம்பவ இடத்துக்கு வந்து சேரும் சப்-இன்ஸ்பெக்டர், வேகத்தை அளக்க ஒரு கருவியும் இல்லாமல், பிரேக் தேய்ந்த தடத்தை டேப் வைத்துப் பார்க்கவும் அவகாசமின்றி, 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்ற வாசகத்தை முதல் தகவல் அறிக்கையில் எழுதுகிறாரே, அங்கிருந்து வந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வாசகம் இல்லாவிட்டால் வழக்கு நிற்காது. அது மட்டுமா, ஓட்டுநரின் அலட்சியம் நிரூபணமானால்தான் முழு நஷ்டஈடு என்ற விதி இருப்பதால், இறந்தவரின் குடும்பமும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அந்த வாசகத்தையே நம்பி நிற்கிறது. சட்டத்துக்கு ஒரு குற்றவாளி வேண்டும். விளக்கெரியாத வளைவையோ, பள்ளிக்கூடத்தை ஒரு பக்கமும் குடியிருப்பை மறுபக்கமுமாகப் பிளந்து போகும் நான்குவழிச் சாலையையோ, கடைக்காரர் வசதிக்காகத் தடுப்புச் சுவரில் விடப்பட்ட திறப்பையோ கூண்டில் ஏற்ற இயலாது. ஆகவே வழக்குக்காக எழுதப்பட்ட வாசகம் புள்ளிவிவரமாகி, புள்ளிவிவரம் பிரசாரமாகி, பிரசாரம் அதே வாசகத்தை எழுதும் காவலருக்கே பயிற்சி வகுப்பில் பாடமாகவும் திரும்பி வருகிறது.

2019-ஆம் ஆண்டின் திருத்தம் 198-ஏ என்ற பிரிவையும் கொண்டுவந்தது. சாலையைத் தரமின்றி வடிவமைத்தோ, கட்டியோ, பராமரித்தோ ஓர் உயிர் போகக் காரணமான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் அது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது, சிறைவாசம் கிடையாது. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்த ஓட்டுநருக்கோ, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. இவ்வளவு தாராளமாக எழுதப்பட்ட 198-ஏ பிரிவைப் பற்றி எந்த ஜனவரி ஊர்வலத்திலாவது ஒரு பதாகை உண்டா? எமன் வேஷக்காரர் நெடுஞ்சாலைத் துறை அலுவலக வாசலில் பாசக்கயிறு வீசிய படம் எந்தப் பத்திரிகையிலாவது வந்ததுண்டா?

காவலர் பயிற்சி வேண்டியதே. ஆனால் வேறு பயிற்சி. சென்னை ஐஐடி உருவாக்கிய விபத்துத் தரவுத்தளம் கைக்கு வந்துவிட்டது. அதில் சாலை, வாகனம், சிகிச்சை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. ஆயினும் முதலில் எழுதும் கை காவல் நிலையத்துக் கைதான். தடத்தை அளக்கவும், வெளிச்சத்தையும் வளைவையும் குறிக்கவும், காரணம் தெரியாதபோது தெரியவில்லை என்று எழுதவும் அந்தக் கைக்குக் கற்பிக்கலாம். அப்படி எழுதுகிறவரை, வழக்கைக் கெடுத்துவிட்டாய் என்று மேலதிகாரி கண்டிக்காமலும் இருக்கலாம். பிரசாரத்தால் நன்மை இல்லாவிட்டாலும் தீமை இல்லையே என்று சிலர் சொல்வதுண்டு. இருக்கிறது. வெயிலில் சங்கிலி கோத்து நிற்கும் பிள்ளைகளிடம், உங்கள் தகப்பன்மார் அஜாக்கிரதையால் சாகிறார்கள் என்று வருஷந்தோறும் சொல்லிக் கொடுக்கிறோம். அவர்களில் ஒருவன் நாளை பொறியாளனாகி, குடியிருப்பின் நடுவே ஒரு நெடுஞ்சாலைக்குக் கோடு கிழிக்கும்போது, அங்கே சாகப்போகிறவர்களைப் பற்றியும் அதையே நினைத்துக்கொள்வான்.