மேற்கோள் காட்டும் உரிமை: ரசிக விமர்சனமும் பதிப்புரிமையும்

ஒரு கவிதைத் தொகுதியைப் பற்றி எழுதும்போது அதிலிருந்து நாலு வரியையாவது எடுத்துக் காட்டாமல் நம்மால் எழுத முடிவதில்லை. படிமம் நன்றாக வந்திருக்கிறது என்றால் அந்தப் படிமம் எது, சொல் தேய்ந்துபோயிருக்கிறது என்றால் அந்தச் சொல் எது என்று வாசகர் கேட்பார். கேட்பது நியாயமும்தான். இதற்காகக் கவிஞரிடம் போய் எழுத்தில் அனுமதி வாங்கி வருகிற வழக்கம் எங்களிடம் இருந்ததில்லை. இருந்திருந்தால், அனுமதி தந்தவரின் நூலைப் பற்றி மட்டும், அதுவும் அவர் மனம் கோணாதபடி மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அணிந்துரைக்கும் விமர்சனத்துக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிருக்கும்.

அச்சில் எவரும் கேள்வி கேட்காத இந்த வழமை, காணொளி விமர்சனத்தில் பெரிய சண்டையாகியிருக்கிறது. இன்றைய இளைஞர்களில் பலர் ஒரு படத்தையோ கணினி விளையாட்டையோ பற்றித் தாளில் எழுதுவதில்லை; யூடியூபில் கதைக்கிறார்கள். கதைக்கும்போது அந்தப் படத்திலிருந்து சில நொடிகளைக் காட்டுகிறார்கள். எனக்கு மருமகன் முறையான ஒரு பொடியன் இதற்கான காரணத்தை ஒரே வசனத்தில் சொன்னான்: "மாமா, அந்தக் காட்சியக் காட்டாம அது பிழையெண்டு நான் எப்பிடிச் சொல்லுற?" கவிதைக்கு நாம் கேட்ட அதே கேள்விதான் இது. ஆனால், அவன் காட்டும் மேற்கோளை, அவனுடைய முழு விமர்சனத்தையும் சேர்த்து, படத்தின் உரிமையாளர் ஒரு முறைப்பாட்டினால் நீக்கிவிடலாம்.

இந்த அதிகாரத்தின் வேர் அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் மிலேனியம் பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. தனது படைப்பு அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டுள்ளது என்று உரிமையாளர் அறிவித்தல் அனுப்பினால், யூடியூப் போன்ற நிறுவனம் அதை உடனே நீக்க வேண்டும். நீக்கினால் அந்த நிறுவனத்தின்மேல் பழி வராது. நீக்குவதற்கு முன்னர் நீதிபதி எவரும் அதைப் பார்ப்பதில்லை. காணொளியை ஏற்றியவர் எதிர் அறிவித்தல் அனுப்பலாம். அதற்குப் பின்னர் 10 முதல் 14 வேலைநாட்களுக்குள் உரிமையாளர் வழக்குத் தொடராவிட்டால் காணொளி மீண்டும் வரும். இதற்கு மேலாக யூடியூப் தனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறது: 90 நாட்களுக்குள் இத்தகைய மூன்று எச்சரிக்கைகள் சேர்ந்தால் அலைவரிசையையே மூடிவிடலாம். ஐந்து வருட உழைப்பு அதோடு போய்விடும்.

'கொன்டென்ட் ஐடி' என்ற தானியங்கி ஏற்பாடு இன்னொரு வழி. அது ஏற்றப்படும் ஒவ்வொரு காணொளியையும் உரிமையாளர்கள் கொடுத்துவைத்த மாதிரிகளோடு ஒப்பிடுகிறது. ஒத்துப்போனால் காணொளியைத் தடுக்கலாம், அல்லது அதன் விளம்பர வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடலாம். பத்து நொடிக் காட்சி எந்தப் படத்தினுடையது என்று இயந்திரம் கண்டுபிடித்துவிடும். அந்தப் பத்து நொடிக்கு மேலே ஒரு மனிதக் குரல் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது அதற்கு விளங்காது.

2013 ஒக்டோபரில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். 'டோட்டல் பிஸ்கட்' என்ற பெயரில் கணினி விளையாட்டுகளை விமர்சித்துவந்த பிரித்தானியர் ஜோன் பெய்ன், 'டே வன்: கரீஸ் இன்சிடன்ட்' என்ற விளையாட்டு மிக மோசமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று, விளையாடிக் காட்டியே சொன்னார். அதைத் தயாரித்த நிறுவனம் பதிப்புரிமை முறைப்பாடு செய்து காணொளியை நீக்கியது. தங்கள் படைப்பைக் காட்டி அவர் விளம்பர வருமானம் பெறுகிறார் என்பது நிறுவனத்தின் நியாயம். பெய்ன் நடந்ததை விளக்கி வேறொரு காணொளி வெளியிட்டார். ரசிகர்கள் கொதித்தெழ, நிறுவனம் முறைப்பாட்டை மீளப்பெற்று மன்னிப்பும் கேட்டது. பெய்னுக்குப் பின்னால் பெரும் ரசிகர் கூட்டம் இருந்தது. இருநூறு பேர் பார்க்கிற ஒரு அலைவரிசைக்கு இப்படி நடந்திருந்தால் அது செய்தியாகவே வந்திராது.

ரசிகர்கள் என்று சொல்லும்போது 'த ரூம்' என்ற படத்தை விட்டுவிட முடியாது. 2003இல் டொமி வைசோ தானே எழுதி, இயக்கி, நடித்து வெளியிட்ட படம் அது. உலகின் மிக மோசமான படங்களில் ஒன்று என்று பெயரெடுத்து, அந்தப் பெயராலேயே நள்ளிரவுக் காட்சிகளில் கூட்டம் சேர்த்தது. படத்தில் வரும் அறையின் மேசைமீது சட்டமிட்ட கரண்டிப் படம் ஒன்று தெரியும்போதெல்லாம் பார்வையாளர்கள் பிளாஸ்டிக் கரண்டிகளைத் திரைமீது வீசுவார்கள். 2010இல் டக் வோக்கர் என்ற நகைச்சுவை விமர்சகர் 'நொஸ்டால்ஜியா கிரிட்டிக்' தொடரில் இந்தப் படத்தை விமர்சித்தபோது, பதிப்புரிமையைக் காட்டி அந்த விமர்சனம் நீக்கப்பட்டது.

பின்னர் கனடாவைச் சேர்ந்த சில ரசிகர்கள் 'ரூம் ஃபுல் ஒப் ஸ்பூன்ஸ்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார்கள். இந்த வினோதமான ரசனை எப்படி உருவானது, வைசோ யார் என்று தேடுகிற படம். 99 நிமிட மூலப்படத்திலிருந்து ஏறத்தாழ ஏழு நிமிடங்களைத் துண்டு துண்டாக அதில் எடுத்தாண்டார்கள். 2017 ஜூனில் வைசோ தரப்பு, எதிர்த்தரப்பைக் கேளாமலே ஒன்டாரியோ நீதிமன்றில் தடையுத்தரவு பெற்றது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. நீதிமன்றுக்கு விடயங்கள் முழுமையாக வெளிப்படுத்தப்படவில்லை என்பதும் அதற்கொரு காரணம். 'த ரூம்' உருவான கதையை ஹொலிவூட் 'த டிசாஸ்டர் ஆர்ட்டிஸ்ட்' என்ற பெயரில் எடுத்து, அந்த டிசம்பரில் திரைக்குக் கொண்டுவந்தது. உலகம் முழுவதும் 'த ரூம்' பற்றிக் கதைத்த அந்தப் பருவத்தில் ஆவணப்படம் முடங்கிக் கிடந்தது.

தீர்ப்பு 2020 ஏப்ரலில் வந்தது. அந்த ஏழு நிமிடங்களும் விமர்சனத்துக்கும் செய்தி அறிக்கையிடலுக்கும் உரிய நியாயமான கையாளுகை என்று நீதிமன்று சொன்னது. தடையால் ஏற்பட்ட நட்டத்துக்கு 550,000 அமெரிக்க டொலரும், தண்டனை நட்டஈடாக 200,000 கனேடிய டொலரும் செலுத்த வேண்டுமென்று வைசோ தரப்புக்கு உத்தரவிட்டது. ரசிகர்கள் வென்றார்கள். ஆனால் 2017 டிசம்பர் திரும்பி வரவில்லை.

இந்த விவகாரத்தின் மையம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். நியாயமான பயன்பாடு என்ற உரிமை சட்டப் புத்தகத்தில் தெளிவாகவே இருக்கிறது. அது வந்து சேர்வதுதான் பிந்துகிறது. புதுப்படம் பற்றிய விமர்சனம் முதல் வாரத்தில் பெறுமதியானது. எதிர் அறிவித்தலின் இரண்டு வாரம் முடியும்போது படமே தியேட்டரை விட்டுப் போயிருக்கும். கெட்ட விமர்சனத்தை மறைக்க விரும்புகிறவருக்கு வழக்கில் வெல்லத் தேவையில்லை. கொஞ்ச நாள் கடத்தினால் போதும்.

எவ்வளவு எடுத்தாளலாம் என்பது அடுத்த கேள்வி. முப்பது நொடி வரை பரவாயில்லை, பத்து வீதம் வரை பரவாயில்லை என்று நமது பொடியன்மார் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். இவற்றுக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதை இரண்டு அமெரிக்க வழக்குகள் காட்டுகின்றன.

முதலாவது 1985இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. முன்னாள் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டின் நினைவுக் குறிப்பு நூல் வெளிவருவதற்கு முன்னரே, 'த நேஷன்' சஞ்சிகை அதிலிருந்து சுமார் 300 சொற்களை அப்படியே எடுத்துக் கட்டுரையாக்கியது. முழு நூலோடு பார்த்தால் அது ஒரு துளி. ஆனாலும் அது நியாயமான பயன்பாடு ஆகாது என்று தீர்ப்பாயிற்று. எடுக்கப்பட்டது நூலின் உயிர்ப்பான பகுதி. முன்கூட்டி வெளியிட உரிமை வாங்கியிருந்த 'டைம்' சஞ்சிகையும் அதனால் விலகிக்கொண்டது.

இரண்டாவது 2017 ஓகஸ்டில் நியூயோர்க்கில் நீதிபதி கதரின் ஃபொரஸ்ட் வழங்கியது. மாட் ஹொசெய்ன்சாதே என்பவரின் ஐந்தரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நகைச்சுவைக் குறும்படம் ஒன்றை ஈதன் கிளைன், ஹிலா கிளைன் தம்பதியர் பதினான்கு நிமிடக் காணொளியில் கிண்டலடித்து விமர்சித்தார்கள். மூலத்திலிருந்து 3 நிமிடம் 15 நொடியைக் காட்டினார்கள். அதாவது பாதிக்கும் மேல். அது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பாயிற்று. காட்சியை அடிக்கொரு தடவை நிறுத்தி, நடிப்பையும் வசனத்தையும் கதையையும் பற்றிக் கதைத்துக்கொண்டே போகிறார்கள் என்பதுதான் காரணம். எனது ரசனைக்கு அந்தக் கேலியில் ஆழம் போதாது. ஆயினும் அது விமர்சனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சட்டம் விமர்சனத்தின் தரத்துக்குப் புள்ளி போடுவதுமில்லை.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொல்லப்பட்டிருக்கிறது. எதிர்வினைக் காணொளி என்ற பெயரில் வருவதெல்லாம் ஒன்றல்ல. கருத்தே சொல்லாமல் கூட்டாக உட்கார்ந்து பார்ப்பது போன்றவையும் உண்டு. படத்தை ஓடவிட்டு, மூலையில் சிறிய சதுரத்தில் தன் முகத்தைக் காட்டி, இடைக்கிடை "ஆஹா" போடுகிற காணொளிகளை நாமும் பார்க்கிறோம். அவற்றை விமர்சனம் என்று என்னால் ஏற்க முடியாது. 1841இலேயே நீதிபதி ஜோசப் ஸ்டோரி இந்தக் கோட்டைப் போட்டுவிட்டார். ஜோர்ஜ் வொஷிங்டனின் கடிதங்களிலிருந்து 353 பக்கங்களை எடுத்துத் தன் நூலில் சேர்த்துக்கொண்ட ஒருவரின் வழக்கு அது. விமர்சிப்பதற்காக ஒருவர் தாராளமாகவே மேற்கோள் காட்டலாம். மூல நூலின் இடத்தைத் தன் நூல் பிடித்துக்கொள்ளும்படி எடுத்தால் அது களவு என்பதே அவர் சொன்னதன் சாரம்.

உரிமையாளரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கையிலிருந்த காசைப் போட்டு முந்நூறு பிரதி அச்சிட்ட கவிஞரின் நூலை யாரோ முழுதாக ஸ்கேன் செய்து வட்ஸ்அப்பில் பரப்பினால் அவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். முழுப்படத்தையும் களவாக ஏற்றுகிறவர்களைத் தடுக்க விரைவான வழி தேவை. அந்த வழியை விமர்சனத்தின் மேல் பிரயோகிப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஒரு குழந்தை பிரின்ஸின் பாட்டுக்கு ஆடிய 29 நொடி வீட்டுக் காணொளி 2007இல் நீக்கப்பட்டது. அதன் தாய் தொடர்ந்த வழக்கில், நீக்கச் சொல்லுமுன் அது நியாயமான பயன்பாடா என்று உரிமையாளர் யோசித்தாக வேண்டும் என 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்று சொன்னது. ஆனால் மனதார அப்படி நம்பினேன் என்று உரிமையாளர் சொன்னாலே பெரும்பாலும் போதும் என்றும் வைத்துவிட்டது. பாதிக் கதவு திறந்து பாதிக் கதவு மூடிய கதைதான்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, எங்களுக்கென்ன என்று கேட்கலாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விமர்சனம், கருத்துரை, செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்கான நியாயமான பயன்பாடு உரிமை மீறல் ஆகாது என்கிறது. பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தையில் ஏற்படும் விளைவு என்று அது தரும் நான்கு அளவுகோல்களும் அமெரிக்கச் சட்டத்தில் உள்ளவையே. ஆக, கல்முனையிலிருந்து ஒரு பிள்ளை செய்யும் பட விமர்சனத்துக்கு நமது சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்தக் காணொளி நீக்கப்படுவது அமெரிக்க நடைமுறைப்படி. எதிர் அறிவித்தலில் அந்தப் பிள்ளை தன் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் கொடுத்து, அமெரிக்க நீதிமன்றின் அதிகாரத்துக்கு உட்படுகிறேன் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தாள் முறைப்பாட்டாளரின் கைக்கே போகும். இதைப் படித்ததும் பெரும்பாலான பிள்ளைகள் பயந்து, நமக்கேன் இந்தத் தொல்லை என்று விட்டுவிடுவார்கள். ஒரு பெண்பிள்ளையாக இருந்தால் வீட்டிலேயே விடச் சொல்லிவிடுவார்கள்.

நம்மால் செய்யக்கூடியவை சில உண்டு. காணொளியில் விமர்சிக்கும் இளையோருக்கு நான் சொல்வது: எதைப் பற்றிக் கதைக்கிறாயோ அதை மட்டும் காட்டு, காட்டியதைப் பற்றிக் கதைக்காமல் விடாதே, யாருடைய படைப்பு என்பதைச் சொல். மேற்கோள் பிறர் நம் கையில் தந்த அமானிதம் மாதிரி. அதை வெட்டித் திரிக்கக் கூடாது, அதைக் கொண்டு வியாபாரமும் நடத்தக் கூடாது. நமது சஞ்சிகைகளுக்குச் சொல்வது: இந்தப் பிள்ளைகளின் நல்ல காணொளி விமர்சனங்களை எழுத்தாக்கி வாங்கிப் பிரசுரியுங்கள். வசனத்தை மேற்கோள் காட்டும் அச்சுப் பக்கத்தை எந்த இயந்திரமும் இரவோடிரவாக நீக்காது. பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பாடத்தில் இரசனைக் கட்டுரை எழுதப் பழகிய அதே பிள்ளைகள்தான் இவர்கள். அவர்களுடைய அலைவரிசை ஒருநாள் மூடப்பட்டாலும், ஒரு படத்தை எப்படிப் பார்த்தார்கள், எந்த இடத்தில் அது சறுக்கியது என்று எப்படிக் கண்டார்கள் என்பதாவது நூலகத்தில் இருக்கும்.