கால்டுவெல் ஐயரும் பாண்டிநாட்டுப் பழஞ்சான்றுகளும்

ஒரு நாட்டின் பழஞ்சரித்திரத்தை எழுதப் புகுவார்க்கு இன்றியமையாதன இரண்டு. ஒன்று சான்றுகளைத் தேடும் முயற்சி. மற்றொன்று தேடிப் பெற்றவற்றை அளந்துகொள்ளும் நெறி. முன்னையது மிக்கிருந்தும் பின்னையது ஓரிடத்து நெகிழுமாயின், அதனால் வரும் இழுக்கு யாதென்பதற்குக் கால்டுவெல் ஐயரின் ஆராய்ச்சி தக்கதோர் எடுத்துக்காட்டாம்.

1814-இல் அயர்லாந்திற் பிறந்து, 1838-இல் சென்னை போந்து, 1841 முதல் இடையன்குடியில் தம் சமயத்தொண்டு புரிந்த இவர், 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பழங்காலந்தொட்டு, 1801-இல் அந்நாடு ஆங்கிலேயர் கைப்பட்டது வரையிலுள்ள செய்திகளை அந்நூல் கூறும். யவன ஆசிரியர் குறிப்புக்களையும், இலங்கை மகாவமிசத்தையும், சவேரியார் கடிதங்களையும் அதன்கண் ஐயர் ஒருங்கு வைத்து ஆராய்ந்தார். அதற்கு முன்னரே கொற்கைக்கும் காயலுக்கும் நேரிற் சென்று நிலத்தை அகழ்ந்து பார்த்து, தாலமி குறித்த துறை கொற்கையே எனவும், மார்க்கோ போலோ கண்ட துறை காயலே எனவும் 1877-இல் எழுதினார். ஏட்டோடு அமையாது மண்ணையும் சான்றாக வினாவிய இம்முயற்சியைப் பாராட்டாதார் யார்?

இனி அவர் நெறி நெகிழ்ந்த இடத்தைக் காண்பாம். 1856-இல் வெளிவந்து 1875-இல் திருத்தம் பெற்ற தமது ஒப்பிலக்கணத்தின் முகவுரையில், தமிழ் நூல்களின் காலத்தை ஐயர் வரையறுக்க முயன்றார். திருஞானசம்பந்தப் பிள்ளையாராற் சுரந் தீர்க்கப்பெற்ற கூன்பாண்டியனுக்குச் சுந்தரபாண்டியன் என்னும் பெயரும் பிற்காலத்து வழங்கிற்று. 1292-ஐ ஒட்டிப் பாண்டிநாட்டுக் கரையை அடைந்த மார்க்கோ போலோ, ஆண்டுச் சுந்தரபாண்டியன் என்பானோர் அரசனைக் குறித்தார். இவ்விருவரும் ஒருவரே என ஐயர் துணிந்தார். துணியவே, பிள்ளையார் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்தவராயினர்.

இதனால் விளையும் முறைபிறழ்வு சிறிதன்று. மெய்கண்ட தேவர் பதின்மூன்றாம் நூற்றாண்டினர். அவர் வழிவந்த உமாபதி சிவாசாரியர் சங்கற்ப நிராகரணம் இயற்றியது சகம் 1235, அஃதாவது கி.பி. 1313. பிள்ளையார் 1292-ஐ அடுத்தவராயின், தேவாரம் சிவஞானபோதத்திற்குப் பிற்பட்டதாகும். தோத்திரத்தின் வழிச் சாத்திரம் என்னும் முறை தலைகீழாகும்.

இத்துணிபு எவ்வளவையின்பாற்பட்டது? காட்சியன்று, கருதலேயாம். கருதல் ஏதுவால் நிற்பது. ஈண்டு ஏது பெயரொற்றுமை ஒன்றே. அப்பெயரோ ஒருவர்க்கே உரியதன்று. 1216-இல் முடி புனைந்த மாறவர்மனும் சுந்தரபாண்டியன். 1251-இல் முடி புனைந்த சடாவர்மனும் சுந்தரபாண்டியன். கருதிய பொருள் உள்ளவிடத்தும் இல்லாதவிடத்தும் ஒப்பச் செல்லும் ஏது அநைகாந்திகம் என்னும் போலியாம் என்பது அளவைநூல் பயின்றார் யாவரும் அறிவது. ஐயர் இழுக்கியது இவ்விடத்தே.

மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளையவர்கள், 1895-இல் நூலுருவாகிய தமது ஆராய்ச்சியில் இதனை விரிவாக மறுத்து, பிள்ளையார் ஏழாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டவரல்லர் என நிறுவினார். பின் வெளிவந்த சாசனங்கள் அதனை வலியுறுத்தின. தஞ்சை இராசராசேச்சரத்தில் முதலாம் இராசராசன் காலத்தே (985–1014) பிள்ளையாரின் செப்புத் திருமேனி எழுந்தருளுவிக்கப்பெற்றதும், திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய நாற்பத்தெண்மர் நியமிக்கப்பெற்றதும் ஆண்டுள்ள கல்வெட்டுக்களால் விளங்கும். 1292-இல் வாழ்ந்தவர்க்கு அதற்கு முந்நூறு யாண்டின் முன்னர்த் திருமேனி செய்தல் எங்ஙனம் கூடும்?

அற்றேல், இக்கல்வெட்டுக்கள் அச்சேறுமுன் எழுதிய ஐயர்மேற் குற்றமென்னை எனின், அது நேரிய வினாவே. 1891-இல் மறைந்த அவர் இவற்றைக் கண்டு தம் கொள்கையைத் திருத்தும் வாய்ப்புப் பெற்றிலர். ஆயினும் திருத்தொண்டத்தொகை அவர் காலத்தும் இருந்தது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் அதன்கண் நின்றசீர் நெடுமாறரை நெல்வேலியில் வென்றவர் எனக் குறித்தார். பின்னர்க் கிடைத்த வேள்விக்குடிச் செப்பேடும் அரிகேசரி என்னும் பாண்டியன் நெல்வேலியில் வென்றதைக் கூறுகின்றது. அவன் ஏழாம் நூற்றாண்டினன். அந்நெல்வேலி எவ்விடத்தது என்பதில் அறிஞர் வேறுபடுவர், அது நிற்க. பதிகத்தில் அடியார் பெயரோடு வந்த ஒருசொல், செப்பேட்டோடு ஒத்த சரித்திரச் சான்றாயிற்று. வேற்றுநாட்டு வழிப்போக்கர் எழுதியதற்கு ஐயர் கொடுத்த மதிப்பில் ஒருபாதி இத்தகைய உரைக்குக் கொடுத்திருப்பின், அத்துணை விரைந்து துணிந்திரார்.

இப்பிழை சமயப் பகையால் வந்ததென்பார் உளர். யாம் அங்ஙனம் கூறேம். கொற்கையைக் கண்டவரும் அவரே. கூன்பாண்டியனிற் பிழைத்தவரும் அவரே. வேற்றுச் சமயத்தார் என்பது ஒருவர் கூற்றை மறுத்தற்கு ஏதுவாயின், அதுவும் போலியே. களவியலுரை தலைச்சங்கத்திற்குக் கூறும் 4440 யாண்டினைக் கல்வெட்டுப்போற் கொண்டு வாதிப்பார் நம்முள்ளும் உளர். ஐயர்க்கு இட்ட அளவையை நமக்கும் இடுதலே நடுவுநிலையாம்.

பிள்ளையார் காலம் பற்றிய இவ்வழக்கில் ஐயம் அறுத்தவை கோயிற் சுவரிலும் செப்பேட்டிலும் இருந்த எழுத்துக்கள். ஆகவே, திருப்பணி என்னும் பெயரால் பழஞ்சுவர்களை இடிப்பாரும், கல்லெழுத்தின்மீது சுண்ணம் பூசுவாரும், அதனைத் தேய்த்து மெருகிடுவாரும் செய்வது யாதெனச் சிறிது எண்ணுதல் வேண்டும். படியெடாது அழிந்த கல்வெட்டு மீளக் கிடைப்பதன்று. அதனைக் காத்தலும் சிவத்தொண்டே என்க.