புளிக்காய்ச்சல்

செமஸ்டர் முழுக்க என் ஹாஸ்டல் அலமாரியில் புத்தகங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் அம்மாவின் புளிக்காய்ச்சல் பாட்டிலுக்கு எவ்வளவு பொறுமை தேவை! கெட்டியாகக் கரைத்த புளி முதலில் சளசளவென்று கொதிக்கும். சுண்டச் சுண்ட அந்தச் சத்தமும் தடித்து, பொளக் பொளக் என்று வெடிக்கும். நல்லெண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கும்வரை அம்மா அடுப்பைக் கூட்டவே மாட்டாள். வறுத்துப் பொடித்த வெந்தயம், வாசனை போகாதிருக்க, இறக்கும் நேரத்தில்தான் விழும்.

ஈரக் கரண்டி படாவிட்டால் நெடுநாள் கெடாது. ஆறிப்போன மெஸ் சோற்றில் ஒரு ஸ்பூன் போட்டுப் பிசைந்தால், புளியில் ஊறிய கடலைப்பருப்பு பல்லில் லேசாகக் கடிபடும். புளிப்பைவிட எனக்கு அந்தக் கடிதான் பிடிக்கும். பரீட்சை நேரத்தில் பக்கத்து அறைக்காரர்களும் தட்டோடு வந்துவிடுவார்கள்.