பாரிஸ் அரும்பொருளகப் பாஸ்: யாருக்கு லாபம்?

ஆண்டு இறுதி விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனாலும் ஆசிரியர் அறையில் பேச்சு தொடங்கிவிட்டது. "சார், நீங்க பாரிஸ் போனீங்கல்ல, அந்த மியூசியம் பாஸ் வாங்கலாமா?" என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. இதே கேள்வியை உயர்நிலை நான்கு மாணவர்களுக்குக் கருத்துக் கட்டுரையின் தலைப்பாகவும் கொடுத்திருந்தேன். அவர்கள் எழுதியதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்று. அரும்பொருளகத்துக்குக் காசு கொடுத்துப் போகும் பழக்கம் நமக்கு அவ்வளவாக இல்லை. சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2013 மே மாதத்திலிருந்து தேசிய அரும்பொருளகங்களில் பொது நுழைவு இலவசம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு வெளியே வந்தாலும் நமக்கு நட்டமில்லை. நாங்கள் போனபோது பாரிஸில் வாசலிலேயே 22 யூரோ என்று பார்த்தவுடன் மனம் பதறியது. அந்தப் பதற்றத்தில்தான் பாஸ் விற்கிறது.

நாங்கள் போனது 2024 டிசம்பரில். அப்போது 48 மணி நேரப் பாஸ் 62 யூரோ, 96 மணி நேரத்துக்கு 77 யூரோ. ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் என்று விளம்பரம். ஐம்பது என்ற எண் நமக்கு எதற்கு? இரண்டு நாளில் நான்கு இடம் பார்த்தால் பெரிது. லூவ்ர் 22, ஓர்சே 16, வெற்றி வளைவு 16, சாந்த் ஷப்பேல் தேவாலயம் 13. கூட்டினால் 67. மிச்சம் ஐந்து யூரோ. ஓர் இடத்தை விட்டால்கூட நட்டம்தான். ஐஃபெல் கோபுரம் இந்தப் பாஸில் கிடையாது. நோத்ருதாம் தேவாலயத்துக்குள் போக யாருக்கும் கட்டணமே இல்லை.

96 மணி நேரக் கணக்கு வேறு மாதிரி. மேலே சொன்ன நான்கோடு வெர்சாய் அரண்மனையையும் சேர்த்தால் (அப்போது 21 யூரோ) 88 ஆகிறது. 77 கொடுத்தவருக்கு நிம்மதியாக 11 மிச்சம், இடையில் ஓய்வெடுக்கவும் நேரம் உண்டு. ஆகவே வாங்குவதாக இருந்தால் நான்கு நாள் பாஸ்தான் என் தேர்வு. இரண்டு நாள் பாஸை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் வாங்கியது அதைத்தான்!

பிள்ளைகளுக்கு வாங்கவே வேண்டாம். இதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருப்பேன். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு மேலே சொன்ன எல்லா இடங்களிலும் நுழைவு இலவசம், எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் 14, 16 வயதுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஏதோ ஓர் இணைய விற்பனைத் தளத்தில் நான்கு நாள் பாஸ் வாங்கிவிட்டார். 154 யூரோ தண்டம். "யாரும் சொல்லலையே சார்" என்றார். விற்பவர் எப்படிச் சொல்வார்?

இப்போது மாணவர்களின் கட்டுரைக்கு வருகிறேன். ஏறக்குறைய எல்லாரும் எழுதிய இரண்டு கருத்துகள்: பணம் மிச்சமாகும், நேரம் மிச்சமாகும். பணத்துக்காவது ஒருசிலர் கூட்டிக் கழித்துக் காட்டினார்கள். நேரத்துக்கு ஒருவர்கூட ஆதாரம் தரவில்லை. "வரிசையில் நிற்கத் தேவையில்லை" என்று விளம்பர வாசகத்தை அப்படியே எழுதிவிட்டார்கள். உண்மையில் பாஸ் இருந்தாலும் லூவ்ருக்கும் சாந்த் ஷப்பேலுக்கும் முன்கூட்டியே நேரம் பதிவு செய்ய வேண்டும். பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லாருக்கும் ஒன்றுதான். சாந்த் ஷப்பேல் நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் அங்கே சோதனை இன்னும் கடுமை. தம்பி தங்கைகளே, "நேரம் மிச்சமாகும்" என்று எழுதினால் எந்த வரிசையில், எதனால் என்று அடுத்த வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் அந்தக் கருத்தை விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு மாணவி வேறு மாதிரி எழுதியிருந்தாள்: பாஸ் வாங்கினால் எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிடும் என்று. அதை வளர்த்து எழுதாமல் இரண்டு வரியில் முடித்துவிட்டாள். எனக்கு அந்த இரண்டு வரி போதுமாக இருந்தது, காரணம் உண்டு.

எங்கள் பாஸ் புதன் மதியம் ஒரு மணிக்கு லூவ்ரில் தொடங்கியது. முதல் இடத்தில் நுழைந்த நிமிடத்திலிருந்து மணி ஓடும். வெள்ளி மதியம் ஒரு மணிக்குக் கதை முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை கிமே அரும்பொருளகம் போனோம். எமில் கிமே என்ற லியோன் நகரத் தொழிலதிபர் சேர்த்த பொருள்களோடு 1889-இல் பாரிஸில் திறக்கப்பட்டது; இன்று ஆசியக் கலைக்கான தேசிய அரும்பொருளகம். கெமர் சிற்பங்களுக்காகத்தான் பலர் வருகிறார்கள். உள்ளே தமிழ்நாட்டிலிருந்து வந்த 11ஆம் நூற்றாண்டு வெண்கல நடராசர் இருக்கிறார். அம்மா அவர் முன்னால் நின்றுவிட்டார். கைகூப்பவில்லை, படம் எடுக்கச் சொல்லவில்லை, சும்மா நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றே முக்கால். வெற்றி வளைவு பாக்கி.

"அம்மா, வாங்க, பாஸ் முடிஞ்சிடும்."

"இவரு இங்க ஒத்தக் கால்ல நிக்கிறாரு, நீ எங்கப்பா ஓடுற?"

இழுத்துக்கொண்டுதான் போனேன். வெற்றி வளைவுக்கு 284 படி. அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது என்று எனக்குத் தெரியாதா? நாங்கள் மேலே ஏறிப் படம் எடுத்துக்கொண்டோம். அம்மா சாலையோரப் பெஞ்சில் குளிரில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பக் கிமே போகலாம் என்றால் பாஸில் ஓர் இடத்துக்கு ஒரு முறைதான் அனுமதி, நேரமும் முடிந்திருந்தது. காசு கொடுத்துப் போயிருக்கலாம். அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து யூரோ மிச்சப்படுத்தினேன் என்று சொன்னேன் அல்லவா, அது இப்படித்தான்.

சில நடைமுறைக் குறிப்புகளையும் சொல்லிவிடுகிறேன். செவ்வாய் லூவ்ரும் கிமேயும் மூடியிருக்கும்; திங்கள் ஓர்சேயும் வெர்சாயும் மூடியிருக்கும். இதைப் பார்க்காமல் ஞாயிறு மாலை பாஸைத் தொடங்கினால் அடுத்த இரண்டு நாளும் பாதி வீண். லூவ்ர் புதன், வெள்ளியிலும் ஓர்சே வியாழனிலும் இரவு வரை திறந்திருக்கும். 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியிலிருந்து போகும் நம் போன்றோருக்கு லூவ்ர் கட்டணம் 32 யூரோ. பாஸ் விலையும் ஏறியிருக்கிறது. என் எண்களை எடுத்துவிட்டு அன்றைய விலையைப் போட்டு நீங்களே கூட்டிப் பாருங்கள். வயதானவர்களோடு போகிறவர்கள் அவர்கள் உண்மையில் ஏறக்கூடிய இடங்களை மட்டும் கணக்கில் சேருங்கள்.

சனிக்கிழமை பாஸ் இல்லாமல் மாரே பகுதியிலுள்ள கார்னவாலே அரும்பொருளகத்துக்குப் போனோம். பாரிஸ் நகரத்தின் வரலாற்றைச் சொல்லும் இடம். நகராட்சி நடத்துவதால் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமே கிடையாது. முதல் கூடத்தில் பழைய கடைகளின் பெயர்ப்பலகைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அம்மா ஒவ்வொன்றாக நிமிர்ந்து பார்த்து, இது என்ன கடையாக இருந்திருக்கும் என்று பேரப்பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கூடத்தைத் தாண்டவே எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது.