மூன்று டப்பா, ஒரு கண்ணாடிப் பாத்திரம்

பத்து வருஷத்துக்கு முன்னால் ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டேன். மினசோட்டாவில் எனக்கு அது முதல் குளிர்காலம். பக்கத்து வீட்டு அம்மாள் கொண்டுவந்து கொடுத்த ட்யூனா நூடுல் காஸரோலைப் படம் பிடித்து, ‘நூடுல்ஸுக்கு நேர்ந்த விபத்து’ என்று தலைப்பும் வைத்தேன். ஹாஹா குவிந்தது. நூடுல்ஸின் ஆத்மா சாந்தியடைய நண்பர்கள் பிரார்த்தித்தார்கள். ரெண்டு நாள் அந்தச் சந்தோஷத்தில் ஓடியது. பதிவை இன்னும் அழிக்கவில்லை. இந்தக் கட்டுரை அதற்கு எதிராக எழுதப்படுவது.

‘இலக்கிய இதழில் மீன் நூடுல்ஸுக்கு விமர்சனமா?’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சமையல் குறிப்பும் எழுத்துதான். அதிலும் ஒரு சொல்லி இருக்கிறார், கேட்பவர் இருக்கிறார், சொல்லாமல் விட்டவை இருக்கின்றன. கவிதைக்குச் செய்கிற எல்லாவற்றையும் அதற்கும் செய்யலாம். நான் செய்யாமல் விட்டது அதைத்தான். வாசிக்காமலே சிரித்துவிட்டேன்.

முதலில் குறிப்பு. 8 அவுன்ஸ் முட்டை நூடுல்ஸை, பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைவிட 2 நிமிஷம் குறைவாக வேகவைத்து வடித்துக்கொள்ள வேண்டும். மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்ளும். 2 டப்பா ட்யூனாவை நீர் வடித்து உதிர்க்க வேண்டும். ட்யூனா வேறொன்றுமில்லை, நம்மூர்ச் சூரை. அதோடு 1 டப்பா க்ரீம் ஆஃப் மஷ்ரூம் சூப், அதே டப்பாவில் பாதிக்குப் பால், ஒரு கப் உறைந்த பட்டாணி, ஒரு கப் துருவிய செடார் சீஸ். எல்லாவற்றையும் கலந்து கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டி, 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 20 நிமிஷம். வெளியே எடுத்து நொறுக்கிய உருளைக்கிழங்கு சிப்ஸைத் தூவி இன்னும் 5 நிமிஷம். அவ்வளவுதான்.

இதில் நறுக்குவது இல்லை, தாளிப்பது இல்லை, ருசி பார்க்கிற இடம்கூட இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது ‘அதே டப்பாவில் பாதிக்குப் பால்’ என்கிற அளவு. விற்கிற பொருளே அளக்கிற பாத்திரமாகவும் ஆகிவிடுகிறது. டப்பா இல்லாமல் இந்தக் குறிப்பைப் படிக்கவே முடியாது.

அப்படியானால் இதைச் சொல்வது யார்?

கெட்டியான சூப்பை டப்பாவில் அடைத்து, வீட்டில் தண்ணீர் கலந்துகொள்ளச் சொல்லும் உத்தியை 1897இல் கேம்ப்பெல் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜான் டாரன்ஸ் உருவாக்கினார். 1934இல் க்ரீம் ஆஃப் மஷ்ரூம் சந்தைக்கு வந்தது. பெயர்தான் சூப். அமெரிக்க அடுக்களைகளில் அது தயார்நிலை வெள்ளை சாஸாகவே வாழ்ந்தது. வெண்ணெயில் மாவை வறுத்து, பாலைக் கட்டிதட்டாமல் ஊற்றிக் கிளறுகிற வேலையை அந்த ஒரு டப்பா செய்துவிடும். அவன் சூட்டில் சட்டென்று திரியவும் செய்யாது. மினசோட்டாவில் காஸரோலுக்கு ‘ஹாட்டிஷ்’ என்று பெயர். அங்கே இந்த சூப்பைக் கேலியாக ‘லூத்தரன் பைண்டர்’ என்பார்கள். தேவாலய விருந்துகளில் எல்லாப் பதார்த்தங்களையும் ஒட்டவைக்கும் பசை அது.

இந்த டப்பாவை விற்க நிறுவனத்துக்குக் குறிப்புகள் தேவைப்பட்டன. அவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் நிறுவனச் சமையலறைகளில் சம்பளத்துக்கு இருந்த பெண்கள். நியூ ஜெர்சியின் கேம்டனில், கேம்ப்பெல் சோதனைச் சமையலறையில் வேலை பார்த்த டார்கஸ் ரைலியின் குழு 1955இல் க்ரீன் பீன் காஸரோலை உருவாக்கியது. இன்றைக்கும் தேங்க்ஸ்கிவிங் மேசைகளில் அது இருக்கிறது. அவர் கைப்பட எழுதிய குறிப்பட்டை 2002இல்தான் கண்டுபிடிப்பாளர்களுக்கான தேசிய நினைவகத்துக்குப் போனது. அதுவரை வீடுகளில் அந்தக் குறிப்பு டப்பா லேபிளின் குரலில்தான் பேசிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் பெட்டி க்ராக்கர். 1921இல் ஒரு மாவு நிறுவனம் வாசகர் கடிதங்களுக்குப் பதில் போடக் கற்பனையாக உருவாக்கிய பெண். இருந்த பெண்ணுக்குப் பெயர் இல்லை. பெயர் இருந்த பெண் இல்லை.

ஆண்டி வார்ஹோல் 1962இல் இந்த சூப் டப்பாக்களை 32 ஓவியங்களாக வரைந்தார். அவை இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நாம் எவ்வளவோ படித்திருக்கிறோம். டப்பாவைத் திறந்த பிறகு சாயங்காலம் ஐந்து மணிக்கு அடுக்களையில் என்ன நடந்தது என்பதைப் பற்றி நம்மவர்கள் எழுதி நான் படித்ததில்லை.

அந்த அடுக்களையைப் பற்றி அமெரிக்காவில் தீவிரமாக எழுதியவர் லாரா ஷபீரோ. 2004இல் வந்த அவருடைய ‘சம்திங் ஃப்ரம் தி அவன்’ ஐம்பதுகளின் அமெரிக்கச் சாப்பாட்டைப் பற்றிய புத்தகம். பெண்கள் சமையலை வெறுத்ததால் டப்பா உணவுக்கு மாறினார்கள் என்ற கதையை அவர் ஏற்பதில்லை. சமையல் பெரும் பாரம், அதற்கு நேரமே இல்லை என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது உணவுத் தொழில்தான், பெண்கள் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கினார்கள் என்பது அவர் வாதம். பெருமளவுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெக் ப்ராக்கனைப் படித்தால் அந்த வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. விளம்பர வாசகம் எழுதிப் பிழைத்தவர். 1960இல் ‘தி ஐ ஹேட் டு குக் புக்’ என்று ஒரு சமையல் புத்தகம் போட்டார். அதில் ஒரு குறிப்பில், குழம்பு கொதிக்கும் நேரத்தில் சமைப்பவள் சிகரெட் பற்றவைப்பதும் ஒரு படி. பெட்டி ஃப்ரீடனின் ‘ஃபெமினின் மிஸ்டீக்’ வருவதற்கு மூன்று வருஷம் முன்பு! சமைக்கப் பிடிக்கவில்லை என்பது விளம்பரம் ஊட்டிய எண்ணம் மட்டுமில்லை, நிஜமாகவே அப்படி உணர்ந்தவர்கள் இருந்தார்கள். ஷபீரோவும் ப்ராக்கனைப் பாசத்தோடுதான் வாசிக்கிறார். இருந்தாலும் அந்த வெறுப்பை அதன் சொந்த எடையோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே ஓர் ஒப்பீடு தவிர்க்க முடியாதது. டப்பாவைத் திறந்து சமைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பாப்பி கேனன் ‘கேன் ஓப்பனர் குக்புக்’ எழுதியது 1951இல். அதே வருஷம் சென்னையில் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ வந்தது. ஒன்றில் டப்பா, மற்றொன்றில் ஆழாக்கும் பலமும். ஆனால் வாசகி ஏறக்குறைய ஒரே ஆள்தான்: சொல்லிக்கொடுக்கப் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் புது அடுப்பின் முன் நிற்கும் பெண். மீனாட்சி அம்மாள் அந்தப் பெரியவரின் இடத்தில் தானே வந்து நின்றார். அங்கே அந்த இடத்தில் டப்பா வந்து நின்றது. முதலாவது உசத்தி, இரண்டாவது மட்டம் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் முதலாவது கேட்கும் நேரத்தை யார் தலையில் கட்டியிருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

காஸரோல் குறிப்பு மறைக்கிற ஆட்களும் உண்டு. அமெரிக்காவில் ட்யூனாவை டப்பாவில் அடைக்கும் தொழில் 1903வாக்கில் கலிஃபோர்னியாவின் சான் பெட்ரோவில் ஆரம்பித்தது. பக்கத்திலேயே இருந்த டெர்மினல் தீவில் ஜப்பானிய அமெரிக்க மீனவர் ஊர் ஒன்று வளர்ந்தது. ஆண்கள் கடலுக்குப் போனார்கள். படகு வந்ததும் ஆலையில் சங்கு ஊதும்; எந்த நேரமானாலும் பெண்கள் மீன் சுத்தம் செய்யப் போக வேண்டும். பெர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு, 1942 பிப்ரவரியில், 48 மணி நேரத்தில் வெளியேறச் சொல்லி அந்த ஊரையே காலிசெய்தார்கள். மக்கள் முகாம்களுக்குப் போனார்கள், வீடுகள் இடிக்கப்பட்டன. ஒரு பெண்ணுக்குச் சாயங்காலம் மிச்சமான அரைமணி நேரத்துக்குப் பின்னால், நடுராத்திரி சங்குச் சத்தத்துக்கு எழுந்த இன்னொரு பெண் இருந்திருக்கிறாள். ‘2 டப்பா ட்யூனா’ என்ற வரியில் அவளுக்கு இடமில்லை.

இப்போது சமையலுக்கு வருகிறேன். சமைக்காமல் தீர்ப்புச் சொல்லும் தப்பை மறுபடி செய்யக் கூடாதில்லையா? போன மாதம் அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் இரண்டு விதமாகச் செய்தேன்.

முதல் வாரம், இப்போதைய சமையல் எழுத்தாளர்கள் சொல்கிற ‘மேம்பட்ட’ வடிவம். காளானைப் பழுப்பாக வதக்கி, வெண்ணெயும் மாவும் பாலும் சேர்த்து சாஸ் கிளறி, க்ரூயேர் சீஸ் துருவி, மேலே வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூள். சாஸைக் கொஞ்சம் நீர்க்கவே விட வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் நூடுல்ஸ் உறிஞ்சி வறட்டிவிடும். ஒண்ணேகால் மணி நேரம், கழுவ நாலு பாத்திரம். நன்றாகவே இருந்தது.

அடுத்த வாரம் டப்பா வடிவம். அவனுக்குள் தள்ளுவதற்குப் பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ருசி? உப்பு தூக்கல். எல்லாம் ஒரே மென்மை. மூன்றாவது வாய்க்கு மேல் நாக்குக்குப் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. மேலே இருக்கும் சிப்ஸ் மட்டும்தான் காப்பாற்றுகிறது. அதனால்தான் அதைக் கடைசி ஐந்து நிமிஷத்தில் போடச் சொல்கிறார்கள். முதலிலேயே போட்டால் கருகும், கலந்துவிட்டால் நமுத்துப்போகும். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியதில் ருசி பற்றிய பகுதியை இன்றும் வாபஸ் வாங்க மாட்டேன்.

வாபஸ் வாங்குவது வேறொன்றை. முதல் சனிக்கிழமை சமைத்தது நல்ல பாஸ்தா, காஸரோல் இல்லை. தெம்பும் நேரமும் இல்லாத ஒருவர் வீட்டில் இருப்பதை வைத்து ஆறு பேருக்குச் சுடச்சுட ஏதாவது தர முடியுமா என்பதுதான் இந்தப் பதார்த்தத்தின் கேள்வி. மேம்பட்ட வடிவம் அந்தக் கேள்வியைக் கழற்றிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்கிறது. நாட்டுப்புறப் பாட்டை மேடைக்கச்சேரிக்குச் செதுக்கும்போது, நாற்று நடுகிறவளின் குனிந்த முதுகு காணாமல் போகிற மாதிரி.

அந்தப் பழைய பதிவில் நான் எழுதாமல் விட்டதை இப்போது சொல்ல வேண்டும். அந்தக் காஸரோல் என் வீட்டுக்கு ஏன் வந்தது?

என்னை வளர்த்த அம்மாச்சி மதுரையில் இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும், வர வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் எப்படி இருக்கிறாய் என்று கேட்க, உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் அதிகம் பேசவில்லை. மறுநாள் கதவைத் தட்டி, ஃபாயில் மூடிய கண்ணாடிப் பாத்திரத்தை நீட்டினார். அடியில் ஒட்டிய டேப்பில் அவர் பெயர். மேலே ஒட்டிய துண்டுச் சீட்டில் ‘350, 30 நிமிஷம்’. படம் எடுத்தது அன்றைக்கு. பதிவு போட்டது ஒரு மாதம் கழித்து, காரணத்தை வெட்டிவிட்டு.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, சொந்தக்காரர்கள்தான் சாப்பாடு கொண்டுவர வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? அம்மாச்சியே எத்தனை வீடுகளுக்குத் தூக்குச்சட்டி தூக்கிப் போயிருக்கிறாள். அந்தச் சாப்பாட்டில் உப்பு கூடுதலா குறைவா என்று யாராவது கேட்டால், ‘எளவு வீட்ல போய் ருசி பாக்கறான் பாரு’ என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருப்பாள். சூப் டப்பாவும் சிப்ஸும் முன்னால் வந்து நின்றதில், எனக்குத் தெரிந்த ஒன்றையே அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

அந்த நிறுவனம் இதைத் திட்டமிட்டிருக்காது. டப்பா விற்க எழுதிய குறிப்பை, மூன்று தெரு தள்ளி யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் வீட்டில் சாவு என்று கவனித்து வைத்திருக்கும் பெண்கள் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆறு பேருக்கு ஆகும், மூடி எடுத்துப்போகலாம், மறுபடி சூடு பண்ணினாலும் கெடாது. ஷபீரோ சொல்லும் தேர்ந்தெடுக்கும் பெண்களை நான் இங்கேதான் பார்க்கிறேன். லேபிளின் குரலுக்கு மேல் அந்த டேப்பில் எழுதிய பெயர் கேட்கிறது.

பாத்திரத்தை ஒரு வாரம் கழித்துப் பளபளவென்று தேய்த்துத் திருப்பிக் கொடுத்தேன். வெறும் பாத்திரமாக. சாமான் வாங்கிய வீட்டுக்கு வெறுஞ்சட்டியை அனுப்பக் கூடாது, ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் கொடு என்பாள் அம்மாச்சி. அன்றைக்கு அதுவும் ஞாபகம் வரவில்லை. அந்த அம்மாள் வாங்கிப் பார்த்துவிட்டு, பிடித்திருந்ததா என்று கேட்டார். ரொம்பப் பிடித்தது என்றேன்.